21 பேரைக் கழுவிட்டாங்க, கடிகாரம் மட்டும் ஓடுது

தப்பு என்னோடதுதான், முதல்லயே சொல்லிடறேன். போன அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை, நானும் ரூம்மேட்டும் வடக்கு ஜெர்மனில ஹாம்பர்க்ல இருந்து லூபெக்குக்கு ட்ரெயின் ஏறினோம், முக்கால் மணி நேரம்தான். ரூம்மேட்டுக்கு மார்சிபான்ங்கற பாதாம் மிட்டாய் வாங்கணும், எனக்கு வீட்ல உக்காந்தா தூக்கம் வருது, அவ்ளோதான் காரணம். மழை தூறுச்சுனு மரியென்கிர்ஷேங்கற பழைய பெரிய சர்ச்சுக்குள்ள ஒதுங்கினோம். கரெக்டா மதியம் 12 மணி. வடக்குப் பக்கத்துல பெரிய வானியல் கடிகாரம் ஒண்ணு, ஆளுங்க கூட்டமா நிக்கிறாங்க, மேல ஒரு கதவு திறந்து குட்டி குட்டி பொம்மைங்க வரிசையா இயேசு முன்னாடி நடந்து போகுது, அவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்றார். வீடியோ எடுத்து அப்பவே ஃபேமிலி குரூப்ல போட்டேன், "1566-ல செஞ்ச கடிகாரம், இன்னும் ஓடுது பாருங்க"னு. எங்கயோ அரைகுறையா படிச்சது. பத்து நிமிஷத்துல சித்தப்பா மெசேஜ். அவர் முப்பது வருஷம் வாட்ச் கடை வச்சிருந்தவர். "தம்பி, ரொம்ப புதுசா இருக்கேப்பா, நல்லா பாரு."

நல்லா பாத்தேன். பக்கத்துலயே போர்டு இருந்துச்சு. 1561-ல ஆரம்பிச்சு 1566-ல முடிச்ச கடிகாரம் 1942-லயே எரிஞ்சு போச்சு, இப்ப நிக்கிறது லூபெக்ல இருந்த பால் பெஹ்ரன்ஸ்னு ஒரு கடிகாரக்காரர் 1960கள்ல செஞ்சது. பழைய கடிகாரத்துல பேரரசரைத் தேர்ந்தெடுக்கிற இளவரசர்ங்கதான் பொம்மையா போவாங்களாம், புதுசுல அவங்களுக்குப் பதிலா உலகத்தோட வெவ்வேற இன மக்கள் எட்டு பேர். அதாவது காப்பி கூட முழுசா காப்பி இல்ல. எனக்கு முகத்துல ஈ ஆடல. ஏதோ சர்ச்சே என்னை ஏமாத்தின மாதிரி ஒரு எரிச்சல், அவங்க போர்டுல ஒழுங்கா எழுதித்தான் வச்சிருக்காங்க, இருந்தாலும்.

அந்த எரிச்சலோடயே நடந்து பீடம் இருக்கிற கிழக்குப் பக்கம் போனா, அங்க ஒரு வயசான அம்மா, சின்ன கும்பலுக்கு சர்ச்சைச் சுத்திக் காட்டிட்டு இருந்தாங்க. மேல ஜன்னல் வரிசைக்குக் கீழ இருக்கிற சுவத்தைக் காட்டி, "இங்க ஒரு காலத்துல 21 புனிதர்கள் இருந்தாங்க, கழுவிட்டோம்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் கதை தெரியல. தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் மாசக்கணக்கா இது மண்டைக்குள்ள உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குது. ஒரே சர்ச். எரிஞ்சு போன கடிகாரத்தைத் திரும்ப செஞ்சவருக்கு போர்டு வச்சிருக்காங்க. சுவத்துல ஓவியத்தைத் திரும்ப வரைஞ்சவரை ஜெயிலுக்கு அனுப்பி, வரைஞ்சதையும் கழுவி விட்டுட்டாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லனு எனக்கும் தெரியும். ஆனா எந்த இடத்துல வேற வேறயா ஆகுதுனு யாராவது கேட்டா டக்குனு சொல்ல வரல.

செங்கல்லுல ஒரு காப்பி

முதல்ல இந்த சர்ச்சே என்னனு பாக்கணும். வெளிய நின்னு அண்ணாந்து பாத்தா கதீட்ரல்னுதான் யாரும் நினைப்பாங்க, ரெண்டு கோபுரமும் ஏறக்குறைய 125 மீட்டர், உள்ள நடு மண்டபத்தோட வளைவுக் கூரை 38.5 மீட்டர் உயரத்துல இருக்கு, செங்கல்லுல கட்டின வளைவுக் கூரையில உலகத்துலயே உயரமானதுனு சொல்றாங்க. ஆனா இது வெறும் பங்குக் கோயில். ஆயர் இருந்த கதீட்ரல் ஊரோட தெக்குக் கோடியில தனியா நிக்குது, 1173-ல ஹைன்ரிஷ் பிரபு அஸ்திவாரம் போட்டது. மரியென்கிர்ஷே இருக்கிறது பழைய ஊரோட மேட்டுல, மார்க்கெட்டை ஒட்டி, நகர மன்றத்தோட முதுகுப் பக்கம். கட்டினது ஹான்சா (வட ஐரோப்பா வணிக நகரங்க சேர்ந்த கூட்டணி) வியாபாரிங்களும் நகர மன்றத்துக்காரங்களும். ஆயரோட கோயிலை விட நம்மது பெருசா இருக்கணும்ங்கறதுதான் கணக்கு, இதை யாரும் ஒளிச்சும் வைக்கல. அவங்க சர்ச்சுக்குள்ளயே நகர மன்றத்துக்குனு ஒரு சேப்பல், அதுக்கு மேல ஒரு பெட்டக அறை, ஹான்சாவோட ஒப்பந்தம், சலுகைப் பத்திரம் எல்லாம் அங்கதான் பூட்டி வச்சிருந்தாங்க. சாமி பாதி, லாக்கர் பாதி.

இதே இடத்துல முன்னாடி ரோமனெஸ்க்ங்கற பழைய பாணியில ஒரு சர்ச் இருந்துச்சு, அதை மாத்திக் கட்ட ஆரம்பிச்சு, நடுவுல பிளானையே மாத்தி, 1277 வாக்குல இருந்து 1351 வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. அவங்க மனசுல இருந்தது பிரான்ஸ்ல கோதிக்ங்கற இடைக்காலப் பாணியில கட்டின கதீட்ரல்ங்க, உயரமா ஒரு நடு மண்டபம், ரெண்டு பக்கமும் தாழ்வா பக்க மண்டபம், வெளிய சுவத்தைத் தாங்கிப் பிடிக்க பறக்கிற மாதிரி முட்டு வளைவு. ஆனா பால்டிக் கரையில செதுக்கற மாதிரி நல்ல கல்லு கிடையாது. இருக்கிறது களிமண்தான். அதனால கல்லுல யோசிச்ச ஒரு வடிவத்தை செங்கல்லுல எழுப்பினாங்க. செங்கல்லை உளி வச்சு பூ, இலைனு செதுக்க முடியாது, அச்சுல வார்த்து சுட்டு எடுக்கணும், அதனால ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். அந்த மொழுமொழுனு, நகை போடாத மாதிரி ஒரு அழகு வந்தது அப்படித்தான், வேற வழி இல்லாம. அப்புறம் இதைப் பாத்து பால்டிக் கரை முழுக்க ஒரு 70 சர்ச் கட்டியிருக்காங்க.

இதைப் படிச்சப்பதான் எனக்கு முதல் இடி. மூலம் மூலம்னு நாம கொண்டாடற இந்த சர்ச்சே ஒரு காப்பிதான? பிரெஞ்சு கல்லை ஜெர்மன் மண்ணுல காப்பி அடிச்சது. அதைக் காப்பி அடிச்சது எழுபது. யாரும் யாரையும் ஜெயில்ல போடல.

(ஒரு கதை விட்டுப் போச்சு. கட்டும்போது பிசாசு வந்து என்ன கட்டறீங்கனு கேட்டுச்சாம், வைன் கடைனு சொல்லி ஏமாத்தியிருக்காங்க, அதுவும் சந்தோஷமா கல்லு தூக்கி உதவி பண்ணியிருக்கு. சுவர் எழும்ப எழும்ப சர்ச்னு புரிஞ்சு, பெரிய பாறையைத் தூக்கி இடிக்க வந்துச்சாம், "பொறு பொறு, பக்கத்துலயே உனக்கு ஒரு வைன் கடை கட்டித் தரோம்"னு சமாதானம் பண்ணாங்களாம். நகர மன்றத்துக்குக் கீழ ராட்ஸ்கெல்லர்ங்கற வைன் கடை வந்தது அப்படித்தானாம். அந்தக் கல்லு இன்னும் வாசல்ல கிடக்கு, 1999-ல அது மேல ஒரு வெண்கலப் பிசாசையும் உக்கார வச்சிட்டாங்க. பொய் சொல்லிக் கட்டின சர்ச்னு ஊர்க்காரங்களே பெருமையா சொல்லிக்கறாங்க, இதை ஞாபகம் வச்சுக்குங்க.)

குருத்தோலை ஞாயிறு

1942 மார்ச் 28 ராத்திரி, விடிஞ்சா குருத்தோலை ஞாயிறு. பிரிட்டிஷ் விமானப்படையோட 234 விமானம் லூபெக் மேல வந்துச்சு. பழைய ஊர், மரவீடு, குறுகல் சந்து, தீக்குண்டுக்குத் தோதா. மரியென்கிர்ஷேவோட கூரை, கோபுர உச்சி எல்லாம் எரிஞ்சு விழுந்துச்சு. தெக்குக் கோபுரத்துல இருந்த மணிங்க அறுந்து கீழ கல்தரையில வந்து விழுந்து உடைஞ்சுது, 1508-ல வார்த்தது ஒண்ணு, 17ஆம் நூற்றாண்டுல வார்த்தது ஒண்ணு. அதை மட்டும் இன்னும் எடுக்கல. விழுந்த இடத்துல விழுந்தபடியே, தரையில புதைஞ்சு, நசுங்கிக் கிடக்கு. பக்கத்துல இங்கிலாந்து கவன்ட்ரில இருந்து வந்த, ஆணிங்களால செஞ்ச சிலுவை ஒண்ணு, 1940 நவம்பர்ல ஜெர்மன் விமானங்க எரிச்ச ஊர்ல இருந்து. அங்க நின்னப்ப ரூம்மேட் கூட வாயை மூடிட்டு நின்னான், அது பெரிய விஷயம்.

எரிஞ்சதோட பட்டியல் போட்டா நீளும். இசையமைப்பாளர் புக்ஸ்டஹூடெ இங்க 1668-ல இருந்து 1707-ல சாகற வரைக்கும் ஆர்கன் வாசிச்சவர். 1705-ல இருபது வயசு பாஹ், பின்னாடி பெரிய இசையமைப்பாளர் ஆனவர், ஆர்ன்ஷ்டாட் ஊர்ல இருந்து நடந்தே வந்து, நாலு வாரம் லீவு சொல்லிட்டு மாசக்கணக்கா இங்கயே உக்காந்துட்டு, திரும்பிப் போய் திட்டு வாங்கினது அவர் வாசிப்பைக் கேக்கத்தான். அந்த ஆர்கன்ங்க போச்சு. கடிகாரம் போச்சு. மரண நடனம்னு ஒரு ஓவியம் இருந்துச்சு, போப்பாண்டவர்ல இருந்து தொட்டில் குழந்தை வரைக்கும் ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுக்கிட்டு எலும்புக்கூடு ஆடும், பின்னாடி லூபெக் ஊரே தெரியும், அதுவும் போச்சு. இதுல கவனிக்க வேண்டியது, எரிஞ்சதும் மூலம் இல்ல. பெர்ன்ட் நோட்கெ 1463-ல வரைஞ்ச துணி நைஞ்சு போச்சுனு 1701-லயே புதுசா ஒரு காப்பி வரைஞ்சு மாட்டிட்டாங்க, பழைய பாட்டு வரிங்களையும் மாத்திட்டாங்க. எரிஞ்சது அந்தக் காப்பி.

ஆனா தீ ஒண்ணைக் குடுக்கவும் செஞ்சுது. சுவத்துல நூத்தாண்டு நூத்தாண்டா அடிச்சிருந்த சுண்ணாம்பு சூட்டுல பொரிஞ்சு உரிஞ்சு விழ, அடியில இருந்து பழைய கோதிக் சுவரோவியங்க எட்டிப் பாத்துச்சு. அது நிஜம். நடு மண்டபத்துல இருந்ததெல்லாம் நிஜமாவே இடைக்கால ஓவியம். எல்லாத்தையும் இழந்த ஊருக்கு, எரிச்ச தீயே அறுநூறு வருஷப் புதையலைக் கையில குடுத்திருக்கு. இதை விட ஆறுதல் வேணுமா. இந்த ஆறுதல்தான் பின்னாடி நடந்ததுக்கு எல்லாம் வழி விட்டுச்சுனு நான் நினைக்கறேன்.

மால்ஸ்காட்

1948-ல ஓவியத்தை மீட்கற வேலையை டீட்ரிஷ் ஃபைங்கிற ஆள்கிட்ட குடுத்தாங்க. அவர் கம்பெனிக்கு முதலாளி மாதிரி. சாரத்துல ஏறி வேலை பாக்கிறது லோதர் மால்ஸ்காட், 1913-ல கோனிக்ஸ்பெர்க்ல பொறந்தவர். இந்த ஜோடிக்கு இது முதல் கூட்டு இல்ல. 1930கள் கடைசியில ஷ்லெஸ்விக் கதீட்ரல்லயும் வேலை பாத்தாங்க, அங்க 13ஆம் நூற்றாண்டு ஓவியம்னு சொன்னதுல வான்கோழி இருந்துச்சு. வான்கோழி அமெரிக்கப் பறவை, கொலம்பஸ் போறதுக்கு ரெண்டு நூத்தாண்டு முன்னாடி ஜெர்மனிக்கு எப்படி வந்துச்சு? அப்ப இருந்த பண்டிதங்க சிலர், அது போலினு யோசிக்காம, வைகிங்குங்கதான் அமெரிக்கா போய்க் கொண்டு வந்திருப்பாங்கனு சொல்லிட்டாங்க. அந்த வான்கோழியில மால்ஸ்காட் வரைஞ்சது எது, அவருக்கு முன்னாடி 19ஆம் நூற்றாண்டுல மீட்டெடுத்தவர் போட்டது எதுனு தனியா ஒரு தகராறு இருக்கு, அதுக்குள்ள போகல.

லூபெக்ல நடு மண்டபத்துல வேலை நடந்துச்சு. பீடப் பக்கம் ஏறிப் பாத்தா சுவத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி, இருந்த கொஞ்சநஞ்ச சாயமும் உதிருது. ஆனா ஊர் எதிர்பாத்துக்கிட்டு இருக்கு, பணம் வருது, 1951-ல சர்ச்சோட 700ஆவது ஆண்டு விழா வேற. மால்ஸ்காட் சுவத்தைச் சுரண்டி, சுண்ணாம்பு அடிச்சு, ஆளுயரத்துக்கு மேல 21 புனிதர்களைத் தானே வரைஞ்சார். இடைக்கால ஓவியப் புத்தகங்களைப் பாத்துக்கிட்டார், முகத்துக்கு தெரிஞ்சவங்களை எடுத்துக்கிட்டார், நடிகை மார்லீன் டீட்ரிஷ் முகம் கூட அதுல இருந்துச்சுனு சொல்லுவாங்க. பழசு மாதிரி தெரிய அங்கங்க அழிச்சும் விட்டார். 1951 செப்டம்பர்ல விழா, நாட்டுத் தலைமை அமைச்சர், சான்சலர் அடனாவர் வந்து பாத்தார். மேற்கு ஜெர்மனி தபால்துறை மரியென்கிர்ஷே சுவரோவியத்தைப் போட்டு ரெண்டு ஸ்டாம்பே வெளியிட்டுச்சு. வல்லுநருங்க புகழ்ந்து தள்ளினாங்க. பேர் முழுக்க ஃபைக்கு. மால்ஸ்காட் யாருனே யாருக்கும் தெரியாது.

நான் திரும்பத் திரும்ப வந்து நிக்கிற இடம் இதுக்கு அடுத்தது. 1952-ல மால்ஸ்காட் தானே வெளிய வந்து, "அது நான் வரைஞ்சது"னு சொன்னார். யாரும் நம்பல. ஒரு மனுஷன் தன் திருட்டைத் தானே ஒத்துக்கறான், ஊரு "சும்மா இருய்யா, உன்னால எல்லாம் இப்படி வரைய முடியுமா, இது பெரிய இடைக்கால ஓவியனோட கை"ங்குது. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஓவியனுக்கு இதை விட பெரிய பாராட்டும் கிடையாது, இதை விட பெரிய அவமானமும் கிடையாது, ரெண்டும் ஒரே வாக்கியத்துல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சுவர் காலியா இருந்தப்ப எடுத்த போட்டோ வரைக்கும் வச்சிருந்தார். அதுவும் பத்தல. கடைசியில வக்கீலை வச்சு தன் மேலயே கேஸ் போட்டுக்கிட்டார். ஃபை மேலயும்தான், போர் முடிஞ்சப்புறம் பெரிய பெரிய ஓவியருங்க பேர்ல போலிப் படம் வரைஞ்சு வித்ததையும் சேத்து. அப்புறம்தான் குழு போட்டு சுவத்தைச் சோதிச்சு, ஆமா புதுசுதான்னு ஒத்துக்கிட்டாங்க. 1954-ல வழக்கு ஆரம்பிச்சு 1955 ஜனவரில தீர்ப்பு. ஃபைக்கு 20 மாசம், மால்ஸ்காட்டுக்கு 18 மாசம். புனிதர்களுக்குத் தண்ணி.

அவர் ஏன் சொன்னார்னு நிறைய யோசிச்சேன். மனசாட்சினு நான் நம்பல, அப்படி இருந்தா ஷ்லெஸ்விக்லயே வந்திருக்கும். பொறாமை, கூலித் தகராறு, அது உண்மை. ஆபீஸ்ல நாம ராத்திரி முழுக்க உக்காந்து போட்ட பிபிடியை மேனேஜர் தன் பேர்ல காட்டும்போது வருமே ஒரு எரிச்சல், கிட்டத்தட்ட அதேதான், என்ன, இங்க பிபிடியே போலி. ஆனா பேர் வேணும்ங்கற அந்த அல்ப ஆசைதான் உண்மையை வெளிய கொண்டு வந்துச்சு. வல்லுநருங்க கொண்டு வரல. இது எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னு சரியா சொல்லத் தெரியல. போலி வரையறவனோட முதல் விதியே தன் பேரை மறைக்கிறது, இந்தாளுக்கு அது மட்டும் முடியல.

கழுவியிருக்கணுமா

ரூம்மேட் ரொம்ப கிளியர். "பெஹ்ரன்ஸ் புதுசுனு சொல்லிட்டு செஞ்சார், இவன் பழசுனு சொல்லி ஏமாத்தினான், காசு வாங்கினான், முடிஞ்சுது, இதுல என்னடா யோசனை"ங்கறான். சரிதான். ஆனா இதை எப்படி எடுத்துக்கறதுனு அவன்கிட்ட கேட்டேன். மரண நடனம் எரிஞ்ச அதே சேப்பல்ல 1955, 56-ல ஆல்ஃப்ரெட் மாலாவ் ரெண்டு கண்ணாடி ஜன்னல் செஞ்சார், எரிஞ்சு போன ஓவியத்தோட உருவங்களை எடுத்து. அதாவது 1463-ஐப் பாத்து 1701, 1701-ஐப் பாத்து 1955. தீர்ப்பு வந்து மை காயறதுக்குள்ள, அதே சர்ச்சுல இன்னொரு கலைஞர் கூப்பிட்ட பேர்ல வந்து இடைக்காலத்தைத் திரும்பப் பண்ணிட்டு இருக்கார். மேல கூரை, கோபுர உச்சியைப் பாருங்க, வெளிய இருந்து இடைக்காலக் கோபுரமாத் தெரியுது, உள்ள லேசான கான்க்ரீட். தெக்குக் கோபுரத்துல இசைக்கிற மணிங்கள்ல சிலது டான்சிக் (இப்ப போலந்துல இருக்கு) ஊரு புனித கத்தரீனாள் சர்ச்சுல இருந்து வந்தது, இந்த ஊரே கிடையாது. நம்ம கண்ணுக்கு முன்னாடி நிக்கிற மரியென்கிர்ஷேல பாதி, 1947-க்கு அப்புறம் எழுப்பினது. போர்டு வச்சிருக்காங்க, சரி. ஆனா கீழ நின்னு அண்ணாந்து பாக்கிற யாரு போர்டு படிக்கிறாங்க? நானே படிக்கலயே.

என் கட்சி என்னன்னா ஒரு ஆளையாவது விட்டிருக்கலாம். 21-ல ஒண்ணு. கீழ "இது மால்ஸ்காட், 1950 வாக்குல, எங்க எல்லாரையும் ஏமாத்தினது"னு ஒரு போர்டு. வாசல்ல பிசாசை ஏமாத்தின கதைக்கு சிலை வைக்கத் தெரிஞ்ச ஊருக்கு, தங்களை ஏமாத்தினவனுக்கு ஒரு மூலை குடுக்க மனசு வரல. உடைஞ்ச மணியை விட்டாங்க, ஏன்னா அது அவங்க பட்ட அடி. இது அவங்க பட்ட அசிங்கம், அதைத் துடைச்சிட்டாங்க. அசிங்கத்துக்கும் ஒரு ஓரம் வேணும்ல.

அப்புறம் டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை திரும்பப் போனேன், அப்பதான் இந்தக் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. காலையில ஆராதனை நடந்துட்டு இருந்துச்சு, வாசல்ல இருந்தவர் இப்ப சுத்திப் பாக்க முடியாது, வேணும்னா உக்காருங்கனுட்டார். பின்வரிசையில உக்காந்தேன். முன்னாடி பெரும்பாலும் வயசானவங்க, ரெண்டு மூணு குடும்பம், ஒரு குழந்தை பெஞ்சுக்குக் கீழ கார் ஓட்டிட்டு இருந்துச்சு. இது மியூசியம் இல்ல, இவங்களோட பங்கு, இவங்க வாரா வாரம் அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டுதான் கும்பிடணும். நடிகை முகத்துல புனிதர், கீழ எங்களை ஏமாத்தினார்னு போர்டு, அதுக்கு நேரா முழங்கால் போடறது எப்படி இருக்கும்? எனக்கு வந்துட்டுப் போற ஆசை, அவங்களுக்கு தினசரி. அந்தச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், ஆர்கன் போட்டாங்க, அந்த உயரத்துல சத்தம் மேல போய்ட்டு நிதானமா கீழ வருது, அதை எழுத்துல சொல்ல முடியாது. இருந்தாலும் ஒண்ணையாவது விட்டிருக்கலாம்னு இப்பவும் தோணுது. முன்ன மாதிரி சத்தமா சொல்ல மாட்டேன்.

முடிஞ்சதும் போனை ஸூம் பண்ணி, சுவத்துல ஏதாவது கறையாவது மிஞ்சியிருக்கானு தேடினேன். பக்கத்துல ஒரு தாத்தா நின்னு பாத்துட்டு, "மால்ஸ்காட்டா?"னார். ஆமானேன். "எல்லாரும் தேடறாங்க"னு சொல்லிட்டு கோட்டு பட்டனைப் போட்டுக்கிட்டு போய்ட்டார். சித்தப்பாவுக்கு கடிகாரத்தை இன்னொரு தடவை வீடியோ எடுத்து, இந்தத் தடவை பால் பெஹ்ரன்ஸ் பேரைப் போட்டு அனுப்பினேன். "வேலை சுத்தம்"னு பதில் வந்துச்சு, வருஷத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

வெளிய ரூம்மேட் குளிர்ல நடுங்கிக்கிட்டே நின்னுட்டு இருந்தான், கையில மார்சிபான் பொட்டலம். கிறிஸ்துமஸ் சீசன்ல விக்கிற, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிற மார்சிபான், சின்னச் சின்ன உருண்டை, மேல கோகோ தூள் தூவி, அப்பதான் மண்ணுல இருந்து தோண்டி எடுத்த மாதிரியே இருந்துச்சு. ஒண்ணை வாயில போட்டுக்கிட்டு, என்கிட்ட ஒண்ணை நீட்டினான்.